சென்னை – டொராண்டோ: எந்த வழியாகப் போனால் எத்தனை மணி நேரம்?

சென்னை விமான நிலையத்துக்கும் டொராண்டோ பியர்சனுக்கும் இடையே பூமியின் வளைவையொட்டி அளந்தால் சுமார் 13,390 கிலோமீட்டர். இவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவே நான்-ஸ்டாப் விமானம் இல்லை. ஆகவே ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோரும், முதல் செமஸ்டருக்குக் கிளம்பும் மாணவரும் துபாய், அபுதாபி, தோஹா, லண்டன், ஃப்ராங்க்ஃபர்ட், டெல்லி, ஹாங்காங் என்ற பட்டியலிலிருந்து ஒன்றைப் பொறுக்க வேண்டியிருக்கிறது. விலை ஒரு பக்கம் இருக்கட்டும். "எது சீக்கிரம் போகும்?" என்ற கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் சுவரில் மாட்டிய உலக வரைபடத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதில் தவறாகிவிடுகிறது.

தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை

ஓர் உலக உருண்டையில் சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது ஐரோப்பாவின் நடுவே போகாது. லாகூர், இஸ்லாமாபாத் பக்கமாக ஏறி, கஜகஸ்தான், யூரல் மலை, பேரன்ட்ஸ் கடல் என்று வடக்கே போய், கிட்டத்தட்ட 74 டிகிரி வடக்கு அட்சரேகையைத் தொட்டு, கிரீன்லாந்தைக் கடந்து, கியூபெக் வழியாக டொராண்டோவில் இறங்கும். நாம் கிளம்பும்போது விமானம் பிடிக்க வேண்டிய திசை மேற்கு அல்ல, வடக்கிலிருந்து சற்றே மேற்கு.

இது தெரிந்தால் மற்ற கணக்குகள் எல்லாம் தெளிவாகிவிடும். சென்னை–டெல்லி 1,760, டெல்லி–டொராண்டோ 11,640. மொத்தம் 13,400 கி.மீ. அதாவது டெல்லியில் இறங்கி ஏறுவதால் கூடும் தூரம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். லண்டன் வழியாக 8,230 + 5,705, ஃப்ராங்க்ஃபர்ட் வழியாக 7,595 + 6,345. இரண்டுமே 13,940-ஐ ஒட்டி வருகின்றன. துபாய் வழியாக 2,930 + 11,080, மொத்தம் 14,010. தோஹா 3,285 + 10,880, மொத்தம் 14,165. மேற்கே போகும் எல்லா வழிகளையும் வரிசைப்படுத்தினாலும் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் உள்ள வித்தியாசம் 765 கி.மீ. விமான வேகத்தில் அது ஐம்பது நிமிடம்.

ஹாங்காங் மட்டும் தனி. 3,715 + 12,550 என்று 16,260-ஐத் தாண்டுகிறது. மற்ற வழிகளைவிட இரண்டு முதல் மூன்று மணி நேரம் கூடுதலாகப் பறக்க வேண்டும். அங்கே யாரையாவது பார்க்க வேண்டியிருந்தால், அல்லது விலை மிகவும் இறங்கியிருந்தால் யோசிக்கலாம். நேரத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது வேண்டாம்.

நான்-ஸ்டாப் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு: தூரம் தடையில்லை. ஏறக்குறைய 14,000 கி.மீ. உள்ள சான் ஃபிரான்சிஸ்கோ–பெங்களூரு வழியில் ஏர் இந்தியா 2021 ஜனவரியிலேயே நான்-ஸ்டாப்பாகப் பறந்தது. சிங்கப்பூர்–நியூயார்க் 15,300-க்கும் மேல். அதைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏ350-900 யுஎல்ஆர் ரக விமானத்தில் ஓட்டுகிறது. சென்னை–டொராண்டோவுக்குத் தடை, மேலே சொன்ன அந்த நூல் கடக்கும் நாடுகள். ரஷ்ய வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து கனடா, ஐரோப்பிய, பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு மூடியிருக்கிறது. பாகிஸ்தான் வான்வெளி 2025 ஏப்ரல் 24 முதல் இந்திய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. இந்தியக் கம்பெனி பறந்தால் ஒரு பூட்டு, கனடாக் கம்பெனி பறந்தால் இன்னொரு பூட்டு. இதற்கு மேல், நாள் தவறாமல் ஒரு பெரிய விமானத்தை நிரப்பும் அளவுக்குச் சென்னையிலிருந்து மட்டும் ஆள் சேர வேண்டும்.

கிலோமீட்டரை மணியாக மாற்றுவது

நீண்ட தூர ஜெட் விமானத்துக்கு எளிய கணக்கு: தூரத்தை 900-ஆல் வகுத்து, ஓடுபாதைக்குப் போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 40 நிமிடம் கூட்ட வேண்டும். லண்டன்–டொராண்டோவுக்கு இப்படிப் போட்டால் ஏழு மணி நேரம் வரும். ஆனால் அட்டவணையில் எட்டு மணி நேரம் என்றுதான் இருக்கும். துபாய்–டொராண்டோவுக்குக் கணக்கு 13 மணி. அட்டவணை ஏறக்குறைய 14. கூடுதலாக வரும் அந்த ஒரு மணிக்குக் காரணம் எதிர்க்காற்றும், மூடிய வான்வெளிகளைச் சுற்றிப் போவதும்.

வட அட்லாண்டிக்கின் மேல் ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. குளிர்காலத்தில் அது வலுக்கும். எனவே போகும்போது எட்டு மணி நேரம் எடுத்த டொராண்டோ–லண்டன் பகுதி, திரும்பும்போது ஆறரை, ஏழு மணியில் முடிந்துவிடும். சென்னைக்குத் திரும்பும் பயணம் எந்த வழியாக இருந்தாலும் வானில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் குறைவாகவே இருக்கும். போகும் வழிக்குப் பார்த்த டிரான்சிட் நேரம் திரும்பும் வழிக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

போகும் வழியில் வானில் இருக்கும் நேரம் தோராயமாக இப்படி வரும். துபாய்: நாலேகால் மணி, பிறகு 14 மணி. லண்டன்: பத்தே முக்கால், பிறகு 8. ஃப்ராங்க்ஃபர்ட்: பத்தேகால், பிறகு எட்டே முக்கால். எல்லாமே 18 முதல் 19 மணி நேரத்துக்குள் அடங்குகின்றன. ஒரு வழி 21 மணியிலும் இன்னொரு வழி 31 மணியிலும் முடிவது ஏன் என்றால், மீதி முழுவதும் தரையில் கழிகிறது. இந்தப் பயணத்தை ஒப்பிடுகிறவர் வானத்தைப் பார்ப்பதைவிடத் தரையைப் பார்ப்பது நல்லது.

டிக்கெட்டில் போட்டிருக்கும் மொத்த நேரத்தை நம்பாமல் நீங்களே ஒரு முறை கணக்குப் போடுங்கள். டொராண்டோ இந்தியாவை விடக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. சென்னையில் அதிகாலை 3:30-க்குக் கிளம்பி அதே தேதியில் டொராண்டோவில் மாலை 3:45-க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கடிகார வித்தியாசம் 12:15. ஜூலையில் அதனுடன் 9:30 கூட்டினால் 21 மணி 45 நிமிடம். ஜனவரியில் 10:30 கூட்டினால் 22 மணி 45 நிமிடம். ஒரே நேரங்கள்தான், ஆனால் பயணம் ஒரு மணி நேரம் நீள்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கனடாவில் கடிகாரத்தை முன்னே தள்ளுவது மார்ச் இரண்டாம் ஞாயிறு. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. திரும்ப வைப்பது ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு, கனடாவில் நவம்பர் முதல் ஞாயிறு. இந்தியாவும் வளைகுடா நாடுகளும் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. அதனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரங்களும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும், லண்டன், ஃப்ராங்க்ஃபர்ட் கனெக்‌ஷன்கள் வழக்கத்தைவிட ஒரு மணி கூடவோ குறையவோ செய்யும். அந்த வாரங்களில் பயணம் என்றால், போன வருடம் போனவர் சொன்ன டிரான்சிட் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கனெக்‌ஷன் தவறினால் அடுத்த விமானம் எப்போது?

வழியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தேடல் தளங்கள் எதுவும் இதைக் காட்டுவதில்லை.

ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து டொராண்டோவுக்கு லுஃப்தான்சாவும் ஏர் கனடாவும் பறக்கின்றன. இரண்டும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பவை. ஒன்று கைவிட்டுப் போனால் இன்னொன்றில் மாற்றிப் போடுவது கவுன்டரில் சில நிமிட வேலை, சீட் இருந்தால். லண்டனிலிருந்து நாளுக்குப் பல விமானங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே முக்கியமான இரண்டு நிறுவனங்களும் வெவ்வேறு கூட்டணி. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஒன்வேர்ல்டு, ஏர் கனடா ஸ்டார் அலையன்ஸ். முதலில் தங்கள் விமானத்திலேயே இடம் தேடுவார்கள். அது மறுநாளாகவும் இருக்கலாம்.

துபாயிலிருந்து எமிரேட்ஸ் டொராண்டோவுக்கு நாளுக்கு ஒரு விமானம் என்ற கணக்கில் ஓட்டுகிறது. அதைத் தவறவிட்டால் ஒரு முழு நாள் போய்விடலாம். தோஹாவிலிருந்து கத்தார் ஏர்வேஸ் டொராண்டோ சேவையைத் தொடங்கியதே 2024 டிசம்பரில்தான். அப்போது வாரத்தில் சில நாட்கள் மட்டும். வளைகுடா வழிக்கு ஈடுகட்டும் ஒரு வசதி உண்டு: சென்னை–துபாய் இடையே எமிரேட்ஸ் நாளுக்கு ஒன்றுக்கு மேல் பறக்கிறது. இரண்டு மணி நேர டிரான்சிட் தரும் கடைசி விமானத்துக்குப் பதில் அதற்கு முந்தையதை எடுத்துக்கொண்டால், பயணம் சில மணி நேரம் நீளும், ஆனால் டொராண்டோ விமானம் உறுதி. பெரிய குடும்பமாகப் போகிறவர்களுக்கு இந்த மாற்றத்தைப் பலமாகச் சிபாரிசு செய்கிறோம். ஐந்து பேருக்கு மறுநாள் விமானத்தில் ஒன்றாக இடம் கிடைப்பது கடினம்.

அதிகாரபூர்வக் குறைந்தபட்ச டிரான்சிட் நேரம் ஃப்ராங்க்ஃபர்ட்டில் 45 நிமிடம். நிறுவனம் அந்த நேரத்தில் டிக்கெட் விற்கும். அது சட்டப்படி சரியான கனெக்‌ஷன். ஆனால் இந்தியாவிலிருந்து இறங்குகிறவர் மறுபடி செக்யூரிட்டி வரிசையில் நிற்க வேண்டும். கனடா விமானத்துக்குக் கேட்டில் ஆவணங்களையும் சரிபார்ப்பார்கள். போர்டிங் கேட், புறப்படும் நேரத்துக்கு முன்பே மூடிவிடும். பெரிய விமானத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் வெளியே வரவே கால் மணி நேரம் ஆகும். ஒன்றரை மணிக்குக் குறைவான எதையும் எடுக்க வேண்டாம். இரண்டு முதல் மூன்றரை மணி நேரம் நல்ல அளவு. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் டெர்மினல் மாற வேண்டியிருந்தால் (டெர்மினல் 5-இல் இறங்கி, ஏர் கனடா இருக்கும் டெர்மினல் 2-க்குப் போவது போல) மூன்று மணிக்குக் கீழே இறங்காதீர்கள். உள் பேருந்து, மீண்டும் செக்யூரிட்டி, நீண்ட நடை எல்லாம் இருக்கின்றன.

டெல்லி: தூரத்தில் முதல், நடைமுறையில் சிக்கல்

வரைபடப்படி டெல்லிதான் சிறந்த வழி. நடைமுறையில் அதற்கு மூன்று குறைகள்.

முதலாவது வான்வெளி. பாகிஸ்தான் மேல் பறக்க முடியாதபோது, இந்திய நிறுவனத்தின் விமானம் டெல்லியிலிருந்து முதலில் தென்மேற்கே இறங்கி, குஜராத், அரபிக் கடல் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். அதிகமாக எரியும் எரிபொருளை முழுவதும் ஏற்றிக்கொண்டு கிளம்ப முடியாமல், வட அமெரிக்க விமானங்கள் சில ஐரோப்பாவில் நின்று எரிபொருள் நிரப்பிப் போயின. அந்த நிறுத்தம் தரையிறங்கி மறுபடி ஏறுவதுடன் சேர்த்து இரண்டு மணி நேரத்தைச் சாப்பிடும். தடை அறிவிப்பு மாதாமாதம் நீட்டிக்கப்பட்டு வந்ததால், டிக்கெட் எடுக்கும் நாளின் நிலையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஒரு வாரம் முன்பு வரையிலான உண்மையான பறந்த நேரத்தைப் பாருங்கள். ஃப்ளைட்ரேடார்24-இல் விமான எண்ணைப் போட்டால் கடந்த ஒரு வாரத்தின் புறப்பாடு, வருகை நேரங்கள் வரும். நடுவில் வேறு ஊரில் நின்றதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். எந்த வழியாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டு டிக்கெட் எடுப்பது நல்ல பழக்கம்.

இரண்டாவது பனிமூட்டம். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும் வரை டெல்லியில் பின்னிரவும் காலையும் நம்ப முடியாத நேரம். சென்னையிலிருந்து வரும் உள்நாட்டு விமானம் ஜெய்ப்பூருக்கோ வேறெங்கோ திருப்பிவிடப்பட்டால் கனெக்‌ஷன் அங்கேயே முடிந்தது. அந்த ஆறு வாரங்களில் டெல்லி வழியைத் தவிர்த்துவிடுங்கள். வேறு வழியே இல்லை என்றால் முந்தைய நாள் மாலையே டெல்லி போய்விடுங்கள்.

மூன்றாவது லக்கேஜ். கனடாவுக்கு எகானமியில் பெரும்பாலும் 23 கிலோ கொண்ட இரண்டு பெட்டிகள் அனுமதி. உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக எடுத்தால் வழக்கமான அனுமதி 15 கிலோ. 46 கிலோவோடு வருகிறவர் 31 கிலோவுக்குக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று எடுத்த உள்நாட்டு டிக்கெட்டின் லாபம் அங்கேயே கரைந்துவிடும். அதோடு தனி டிக்கெட்டில் வேறு டெர்மினலில் இறங்கினால், பெட்டிகளை எடுத்துக்கொண்டு டெர்மினல் 3-க்குச் சாலை வழியாகத்தான் போக வேண்டும். ஒரே பிஎன்ஆரில் எடுத்தால் போகும்போது இந்தத் தொல்லை இல்லை. திரும்பும்போது மட்டும், ஒரே பிஎன்ஆராக இருந்தாலும் டெல்லியில் பெட்டியை எடுத்துச் சுங்கம் முடித்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்று கணக்கில் வையுங்கள். லண்டன், ஃப்ராங்க்ஃபர்ட், துபாய் வழிகளில் பெட்டி நேராகச் சென்னைக்கே வந்துவிடும்.

விசாவும் பெட்டிக்குள் இருப்பதும்

இந்தியப் பாஸ்போர்ட்டில் லண்டன் அல்லது ஃப்ராங்க்ஃபர்ட் வழியாகப் போகிறவரிடம் செல்லுபடியாகும் கனடா விசா அல்லது பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) அட்டை இருந்தால், விமான நிலையத்துக்குள்ளேயே மாறிக்கொள்ளத் தனி டிரான்சிட் விசா தேவையில்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் இதே விலக்குப் பொருந்தும். சிக்கல் வருவது திரும்பும்போது. படிப்பு அனுமதி இருக்கிறது, பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா மட்டும் காலாவதியாகிவிட்டது என்ற நிலையில் பல மாணவர்கள் இருப்பார்கள். அந்த நிலையில் பிரிட்டன் விதியும், ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குப் பொருந்தும் ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது விசா) விதியும் ஒன்றல்ல. டிக்கெட் எடுக்கும் முன் இரண்டையும் படித்துவிடுங்கள், அல்லது வளைகுடா வழியாக வந்துவிடுங்கள். அங்கே ஒரே டிக்கெட்டில் உள்ளேயே மாறுகிறவருக்கு டிரான்சிட் விசா கேட்பதில்லை. அமெரிக்க ஊர் எதன் வழியாகவும் போவதாக இருந்தால் அமெரிக்க விசா கட்டாயம். அங்கே இறங்கி மாறுவதற்கே இமிக்ரேஷன் முடிக்க வேண்டும்.

வளைகுடா வழியாகப் போகிறவர்கள் கசகசாவைப் பெட்டியில் வைக்கவே கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். அம்மா கொடுத்த மசாலாப் பொட்டலம் என்ற விளக்கம் எடுபடாது. எண்ணெய் ஊறுகாய் கையில் இருந்தால் டிரான்சிட் செக்யூரிட்டியில் திரவமாகத்தான் கணக்கில் வரும். பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். பவர் பேங்க் அதற்கு நேர்மாறு, கைப்பையில் மட்டும். எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு 100 வாட்-ஹவருக்கு உட்பட்ட ஒன்றை மட்டுமே அனுமதிக்கிறது. விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் விடுவதில்லை.

யாருக்கு எது

அறுபதைத் தாண்டிய பெற்றோர் துணையின்றிப் போகிறார்கள் என்றால் துபாய் அல்லது அபுதாபி. முதல் பகுதி குறுகியது, ஒரே நிறுவனத்தின் கையில் முழுப் பயணமும் இருக்கும், ஊழியர்களில் இந்திய மொழி தெரிந்தவர் எளிதில் கிடைப்பார். வீல்சேரை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள். தாமதமானாலும் கிளம்புவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பாவது. நடக்கத் தெம்பிருந்தாலும் பதிவு செய்யலாம், துபாயில் கேட்டுக்குக் கேட் நடை மிக நீளம். ஆனால் 14 மணி நேரம் ஒரே இருக்கையில் இருப்பது முழங்கால் வலி, கால் வீக்கம், ரத்தக்கட்டு வரலாறு உள்ளவருக்கு ஆகாது. அவர்களுக்குப் பயணத்தை ஏறக்குறைய பாதியாக வெட்டித் தரும் லண்டனும் ஃப்ராங்க்ஃபர்ட்டும் மேல். மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

குறிப்பிட்ட நாளில் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டியவருக்கு (வகுப்புத் தொடக்கம், வேலை சேரும் நாள், கல்யாணம்) ஃப்ராங்க்ஃபர்ட்டை முதலில் பாருங்கள். மாற்று விமானம் கிடைக்கும் வாய்ப்பு அங்கே அதிகம். வளைகுடா வானம் நிச்சயமற்றதாக இருக்கும் மாதங்களில் இது இன்னும் பொருந்தும். 2025 ஜூன் 23 அன்று கத்தார் வான்வெளி சில மணி நேரமே மூடப்பட்டது. தோஹாவுக்குப் போய்க்கொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பின, நிலைமை சீராக நாட்கள் ஆயின. ஃப்ராங்க்ஃபர்ட்டின் ஒரே குறை, இரவு 11 மணி முதல் காலை 5 வரை வழக்கமான விமானப் போக்குவரத்து கிடையாது. மாலை விமானம் தாமதமானால் மறுநாள்தான்.

தாமதத்துக்கு இழப்பீடு கிடைக்குமா என்பதும் வழியைப் பொறுத்துத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஐரோப்பிய நிறுவனத்தில், ஐரோப்பிய ஊர் வழியாகப் போவதால் ஐரோப்பிய ஒன்றியத்தின் இழப்பீட்டு விதி தானாகப் பொருந்தும் என்பது சரியல்ல. ஒரே டிக்கெட்டில் தொடக்கமும் முடிவும் ஒன்றியத்துக்கு வெளியே இருந்து, நடுவில் மாறுவது மட்டும் உள்ளே என்றால் அந்த விதி பொருந்தாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்களுக்குக் கைகொடுப்பது கனடாவின் பயணியர் பாதுகாப்பு விதிகள். கனடாவுக்கு வரும், அங்கிருந்து கிளம்பும் விமானங்கள் எல்லாம் எந்த நாட்டு நிறுவனமானாலும் இதில் அடங்கும். பெரிய நிறுவனம் என்றால், சேரும் ஊருக்கு 3 மணி முதல் 6 மணி வரை தாமதத்துக்கு 400 கனடிய டாலர், 6 முதல் 9 வரை 700, அதற்கு மேல் 1,000. தாமதம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்த காரணத்தால் வந்திருக்க வேண்டும். வானிலை, வான்வெளி மூடல், பாதுகாப்புக்குத் தேவையான பழுது ஆகியவற்றுக்குப் பணம் இல்லை. ஒரு வருடத்துக்குள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். போர்டிங் பாஸையும், தாமதத்துக்குக் காரணம் சொல்லி வந்த குறுஞ்செய்தியையும் அழிக்காதீர்கள்.

இவ்வளவும் பார்த்து எடுத்த டிக்கெட்டின் நேரத்தை நிறுவனமே இடையில் மாற்றும். ஐந்தாறு மாதம் முன்னதாக எடுத்தால் இது மிகவும் சாதாரணம். மூன்று மணி நேர டிரான்சிட் ஐம்பத்தைந்து நிமிடமாகவோ பதினாறு மணியாகவோ மாறி ஒரு மின்னஞ்சல் வரும், கீழே "ஏற்கிறேன்" என்ற பொத்தானோடு. அதை அழுத்திவிட்டால் உங்கள் பிடி தளர்ந்துவிடும். அழுத்தாமல், அதே நிறுவனத்தின் வேறு நாள், வேறு வழி எது வேண்டும் என்று விமான எண்ணோடு முடிவு செய்துகொண்டு கூப்பிடுங்கள். மாற்றம் அவர்கள் பக்கத்திலிருந்து வந்தது என்பதால் பெரும்பாலும் கட்டணம் இல்லாமலே மாற்றித் தருவார்கள்.